கொரிய கீபோர்டில் ஹங்குல் விசை வேலை செய்யவில்லை, டிரைவர் எங்கே கிடைக்கும்?

கேள்வி:
கொரியாவில் விற்கும் யூஎஸ்பி கீபோர்டு, விண்டோஸ் 11. ஆங்கிலம் சரியாக விழுகிறது. ஸ்பேஸ் பாருக்கு வலப்பக்கம் உள்ள ஹங்குல் (கொரிய எழுத்து)/ஆங்கிலம் மாற்றும் விசைக்கும் இடப்பக்கம் உள்ள ஹன்ஜா (கொரியனில் வரும் சீன எழுத்து) விசைக்கும் எந்த அசைவும் இல்லை. எந்த டிரைவரை இறக்க வேண்டும்?

பதில் 1:
எதையும் இறக்காதீர்கள். 'டிரைவர் டவுன்லோடு' தளங்கள் பக்கமே போக வேண்டாம். டிவைஸ் மேனேஜரில் 'எச்ஐடி கீபோர்டு டிவைஸ்' என்று தெரிந்தால் டிரைவர் ஏறிவிட்டது. உங்களிடம் இல்லாதது கொரிய ஐஎம்இ, அதாவது தட்டும் விசைகளைக் கூட்டிக் கொரிய எழுத்தாக்கும் மென்பொருள்.

செட்டிங்ஸில் டைம் அண்டு லாங்குவேஜ், அதில் லாங்குவேஜ் அண்டு ரீஜன். ஆட் எ லாங்குவேஜ் கொடுத்து கொரியனைச் சேருங்கள். டிஸ்ப்ளே லாங்குவேஜாக வைக்கச் சொல்லும் டிக்கை மறக்காமல் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மெனு முழுக்கக் கொரியனாகிவிடும். பிறகு விண்டோஸ் + ஸ்பேஸ் அழுத்தி மாறி, ஹங்குல் விசையைத் தட்டி ஜி, கே, எஸ் அடியுங்கள். மூன்றும் சேர்ந்து 'ஹன்' என்று ஒரே எழுத்தாக நின்றால் வேலை முடிந்தது.

கேட்டவர்:
சேர்த்துவிட்டேன். ஹங்குல் விசை இன்னும் ஊமையாகத்தான் இருக்கிறது.

பதில் 2:
விசை அமைப்பின் வகை தவறாக இருக்கும். முதலில் ஆங்கிலத்தில் வைத்து, ஹங்குல் விசையைப் பிடித்துக்கொண்டே டேப் தட்டிப் பாருங்கள். ஜன்னல் மாறினால் அது வெறும் வலது ஆல்ட், மேலே அச்சு மட்டும்தான் ஹங்குல். லேப்டாப்களில் இது சகஜம். மாறாவிட்டால் உண்மையான ஹங்குல் விசை.

கொரியனுக்கு எதிரே மூன்று புள்ளி, லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ், ஹார்ட்வேர் கீபோர்டு லேஅவுட். உண்மையான விசை என்றால் 103/106 கீ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஆல்ட் என்றால் 101 கீ டைப் 1. அதில் வலது ஆல்ட் ஹங்குல், வலது கன்ட்ரோல் ஹன்ஜா. சாதா ஆங்கில கீபோர்டு வைத்திருப்பவர்களுக்கு டைப் 3 நல்லது: ஷிஃப்ட் + ஸ்பேஸில் மாறும், வலது ஆல்ட் பறிபோகாது.

முடித்ததும் ரீஸ்டார்ட் கொடுங்கள். ஷட்டவுன் போதாது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் பழைய கெர்னலே (விண்டோஸின் மையப் பகுதி) திரும்ப எழும், புதிய வகையைப் படிக்காது.

பதில் 3:
உபுண்டு லினக்ஸில் இதே கீபோர்டைச் செருகுபவர்களுக்கு: இன்புட் சோர்ஸில் வெறும் 'கொரியன்' தேர்ந்தெடுத்தால் ஆங்கில எழுத்துதான் விழும். அது விசை வரைபடம் மட்டுமே, எழுத்தைக் கூட்டாது. எழுத்தைக் கூட்டும் ஐபஸ்-ஹங்குல் தொகுப்பை நிறுவி, லாக் அவுட் செய்து திரும்ப வந்து, 'கொரியன் (ஹங்குல்)' என்பதைச் சேருங்கள்.