முதல் காதலுக்குள் அரசு நுழைந்ததா? கிழக்கு ஜெர்மனி பற்றி ஒரு விவாதம்

பொன்னி:
கிழக்கு ஜெர்மனியில் வளர்ந்த பதின்வயதினரின் முதல் காதலைப் பற்றி எழுதுகிறவர்களில் பலர் பெர்லின் சுவரையும் உளவுத்துறையையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். இது எனக்கு உடன்பாடில்லை. 1965-இல் யேனா நகர மருந்தாலையிலிருந்து கருத்தடை மாத்திரை வந்தது. 1972-இல் அது இலவசமாயிற்று. அதே ஆண்டு மார்ச்சில், முதல் 12 வாரங்களுக்குள் கருவைக் கலைப்பதா வேண்டாமா என்னும் முடிவு பெண்ணுக்கே உரியது என்று சட்டம் வந்தது. ஏகமனதாகவே வாக்களித்துப் பழகிய கிழக்கு ஜெர்மன் நாடாளுமன்றத்தில் அன்று 14 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள் என்பதிலிருந்தே அந்தச் சட்டம் எவ்வளவு தூரம் போனது என்பது விளங்கும். படிப்பும் வேலையும் உறுதியாக இருந்த நாட்டில், ஒரு பதினாறு வயதுப் பெண் தனக்குப் பிடித்த பையனின் வீட்டுச் சொத்தை எண்ணிப் பார்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை. இதைவிடப் பெரிய விடுதலை வேறென்ன?

கல்மரம்:
அன்புள்ள பொன்னி, நீங்கள் சொன்ன சட்டங்கள் உண்மை, அவற்றை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளைகள் யாரோடு சேர்ந்து நடந்தார்கள் என்பதும் அரசின் கணக்கில் இருந்தது. 1984-இல் லைப்சிக்கின் ஹெர்டர் நிறுவனத்தில் நான் ஜெர்மன் மொழி பயின்றபோது, ஞாயிறுதோறும் என்னை மதிய உணவுக்கு அழைக்கும் ஒரு குடும்பம் இருந்தது. அவர்களுடைய பதினைந்து வயது மகள் ஒரு போதகரின் மகனை விரும்பினாள். அவன் தேவாலயத்தில் திடப்படுத்தல், அதாவது தன் கிறித்தவ நம்பிக்கையை உறுதிசெய்யும் சடங்கு, பெற்றவன். பதினான்கு வயதில் சோசலிச அரசுக்கு உறுதிமொழி எடுக்கும் இளையோர் விழாவுக்குப் போகாதவன். அதனால் நல்ல மதிப்பெண் இருந்தும் பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் மேல்நிலைப் பள்ளியில் அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. அவளுடைய பள்ளியிலிருந்து தாயை அழைத்து, "உங்கள் மகள் மருத்துவம் படிக்க விரும்புகிறாள் அல்லவா?" என்று மட்டும் கேட்டார்கள்.

அடுத்த ஞாயிறு மாலை அவள் மறுநாளுக்காகத் தன் இளைஞர் அமைப்பின் நீலச் சட்டையை, இடது கையில் உதய சூரியன் தைத்த அந்தச் சட்டையை, இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பெட்டியைக் காலரின் மேலேயே வைத்துவிட்டு நின்றாள். துணி மஞ்சளாகும் வரை கையை எடுக்கவில்லை. தாய் பார்த்தார், எதுவும் சொல்லவில்லை. அதன் பிறகு அவன் கடிதங்கள் என் இலக்கணப் புத்தகத்தின் நடுவில்தான் அவளிடம் வந்து சேர்ந்தன. தூது போன அந்நியன் நான்.

பொன்னி:
அந்தப் பெண்ணுக்காக வருந்துகிறேன். ஆனாலும் ஒரு வீட்டில் கண்டதை வைத்து ஒரு நாட்டையே எடைபோட முடியாது. அதே காலத்து மேற்கு ஜெர்மனியைப் பாருங்கள். அங்கே 1974 முடியும் வரை 21 வயதில்தான் ஒருவர் சட்டப்படி பெரியவர் ஆனார். கிழக்கிலோ 1950 முதலே 18 வயது. பெற்றோரின் அதிகாரத்திலிருந்து காதலர்களை மூன்று ஆண்டுகள் முன்னதாகவே விடுவித்த நாடு எது?

முகில்:
இருவரும் ஒரே நாட்டிலேயே நிற்கிறீர்கள். ருமேனியாவும் சோசலிச நாடுதான். அங்கே 1966-இல் அந்நாட்டை ஆண்ட செளஷெஸ்கு பிறப்பித்த 770-ஆம் ஆணை, 45 வயதைக் கடக்காத, நான்கு பிள்ளைகளைப் பெறாத பெண்களுக்குக் கருக்கலைப்பைப் பெரும்பாலும் தடை செய்தது. 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்த பிறகே அது நீங்கியது. இடைப்பட்ட 23 ஆண்டுகளில் முதல் காதலோடு அச்சமும் சேர்ந்தே வந்தது. மறைவாகச் செய்துகொண்ட கருக்கலைப்பில் பெண்கள் இறந்தார்கள். பெர்லினில் கிடைத்ததும் ருமேனியத் தலைநகர் புக்காரெஸ்டில் பறிபோனதும் மேலிருந்து வந்த முடிவுகள்தாம். எந்தப் பதினாறு வயதுப் பெண்ணையும் எவரும் கேட்கவில்லை.

கல்மரம்:
முகில் சொன்னதை ஏற்கிறேன். பொன்னி, 18 வயதில் பெரியவரான அந்தப் பையனை அதே நாடு அடுத்து என்ன செய்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 1961-இல் சுவர் எழுந்தது, 1962-இல் கட்டாய ராணுவச் சேவை வந்தது: 18 மாதங்கள். பல்கலைக்கழக இடம் விரும்பிய பையன்களை, பள்ளியில் இருக்கும்போதே மூன்று ஆண்டுச் சேவைக்குக் கையெழுத்திடும்படி வற்புறுத்தினார்கள். 1972 முதல் இளம் தம்பதியருக்குத் தந்த 5,000 மார்க் வட்டியில்லாக் கடன் நல்ல திட்டம்தான். ஆனால் தனி வீட்டுக்கு மணமானவர்களுக்கே முன்னுரிமை என்னும் நிலையில், ஒரு கூரை வேண்டும் என்பதற்காகவே இருபது வயதில் மணந்துகொண்டவர்களை நான் அறிவேன். அவர்களுக்குக் காதலித்துப் பார்க்க நேரமே கிடைக்கவில்லை.

பொன்னி:
கூரைக்காக மணந்தார்கள் என்பதை மறுக்கவில்லை. பிடிக்காதபோது அவர்களால் பிரியவும் முடிந்தது, காரணம் அவள் கையில் அவளுடைய சம்பளம் இருந்தது. இந்த இடத்தில் நான் இறங்கி வரமாட்டேன். அந்தப் பெண் என்ன ஆனாள் என்று மட்டும் சொல்லுங்கள்.

கல்மரம்:
1987-இல் மருத்துவப் படிப்பில் சேர்ந்ததாக எனக்கு எழுதினாள். அவன் துப்பாக்கி ஏந்த மறுத்து, தோள்பட்டையில் மண்வெட்டிச் சின்னம் அணியும் கட்டுமானப் படைக்குப் போயிருந்தான். அவனுக்கு எழுதுகிறாயா என்று பதிலில் கேட்டேன். அடுத்த கடிதத்தில் உடற்கூறியல் தேர்வைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தாள்.