போர்க்கால வணிகம்: தெறுபொருளா, போர்த்தடைப் பொருளா?

செ. எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். இளங்கலை வரலாற்றுப் பாடத்துக்காகப் போயர் போர் (தென்னாப்பிரிக்காவில் போயர் என்னும் டச்சு வழியினர் ஆங்கிலேயரோடு நடத்திய போர்) பற்றிய இயலை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குத் தரவேண்டும். 'காண்ட்ராபேண்ட்' என்ற சொல்லில் வேலை நிற்கிறது. எதிரிக்குப் போகிறது என்று போரிடும் நாடு வழியில் பிடிக்க உரிமையுள்ள சரக்கு அது.

போயர்களின் குடியரசான டிரான்ஸ்வாலுக்குக் கடற்கரை கிடையாது. அடுத்திருந்த போர்ச்சுகீசிய மொசாம்பிக்கின் லொரன்சோ மார்க்கெஸ் (இன்றைய மபுட்டோ) துறைமுகமும், அங்கிருந்து டிரான்ஸ்வாலின் தலைநகர் பிரிட்டோரியாவுக்கு 1895இல் திறந்த ரயில் பாதையும்தான் ஆங்கிலேயர் கையில் இல்லாத கடல்வாசல். 1899 அக்டோபர் 11இல் போர் மூண்டது. 14ஆம் தேதியே பிரிட்டனும் போர்ச்சுகலும் லண்டனில் ரகசிய உடன்பாடு செய்தன: அவ்வழியே டிரான்ஸ்வாலுக்கு ஆயுதம் போகவிடுவதில்லை என்று போர்ச்சுகல் ஒப்புக்கொண்டது. ஆங்கிலேயருக்கு அதுவும் போதவில்லை. டிசம்பர் இறுதியில் 'புண்டஸ்ராத்' என்ற ஜெர்மானிய அஞ்சல் கப்பலைக் காண்ட்ராபேண்ட் இருக்கும் என்று மறித்து, டர்பனுக்குக் கொண்டுபோய்க் கிளறினார்கள். ஒன்றும் அகப்படவில்லை, ஜனவரியில் விட்டார்கள். பெர்லின் கொதித்தது.

அகராதியில் 'கடத்தல் பொருள்' என்று இருக்கிறது. தன் நாட்டுச் சட்டப்படி வெளிப்படையாக ஏற்றிய சரக்கைக் 'கடத்தல்' என்று எழுத எனக்கு மனமில்லை.

ம. எழுதியது:

குறள் 756 இருக்க ஏன் தேட வேண்டும்? உறுபொருள், உல்குபொருள், தெறுபொருள். உல்கு நம் சுங்கம். தெறுபொருள் போரால் வருவது. மூன்றும் வினைத்தொகை போல ஒரே வார்ப்பில் நிற்கின்றன. தெறுபொருளையே எடுத்துக்கொள்வோம்.

பெ. எழுதியது:

ஐயா, குறளில் 'தன் ஒன்னார்த் தெறுபொருள்' என்றல்லவா இருக்கிறது? பகைவரிடம் கொள்ளும் திறை அது. ஜெர்மானியக் கப்பல்காரர் யாருக்கு ஒன்னார்? மேலும், 'உல்கு' வினையன்று, பெயர். அதை வினைத்தொகையில் சேர்க்க முடியாது. 'தெறு' என்று எழுதினால் என் மாணவர்கள் 'தெரு' என்றே படிப்பார்கள். 'போர்த்தடைப் பொருள்' போதும்.

ம. எழுதியது:

உல்கு பெயர்தான், ஒப்புகிறேன். ஆனால் 'தடை' ஏற்கெனவே பொருளாதாரத் தடை, ஏற்றுமதித் தடை என்று தேய்ந்த சொல். இங்கே ஏற்றுவதை யாரும் தடுக்கவில்லை, வழியில் பிடிக்கலாம் என்பதே உரிமை. அப்படியானால் 'பற்றுசரக்கு' என்போம். பற்றிய, பற்றுகின்ற, பற்றும் என முக்காலமும் அடங்கும். 'சரக்கு' நல்ல தமிழ். 'சர்' என்னும் நகர்ச்சி வேரில் பிறந்தது என்பது என் ஊகம். சரிவு, சாரை, சறுக்கு எல்லாம் அதன் கிளைகளாக இருக்கலாம்.

இரா. எழுதியது:

சறுக்கில் இருப்பது றகரம். சாரையோடு எப்படிச் சேரும்? அதை விடுவோம். முக்காலமும் அடங்குவதுதான் இங்கே சிக்கல். அதே துறைமுகத்துக்குப் போன அமெரிக்க மாவையும் பிடித்தார்களே, அப்போது பிரிட்டிஷ் பிரதமர் சாலிஸ்பரி சொன்ன விதி என்ன? எதிரிப் படைக்குப் பயன்படக்கூடும் என்பது போதாது. பிடிக்கும் நேரத்தில் அது உண்மையிலேயே படைக்குத்தான் போய்க்கொண்டிருந்தது என்று காட்டவேண்டும். அதே மாவு ஊராருக்குப் போனால் வெறும் உணவு. பொருளின் இயல்பைச் சொல்லும் சொல் எதுவும் இதற்குப் பொருந்தாது, சேரிடம் தெரியவேண்டும். 'பகைசேர் பொருள்' எப்படி?

பெ. எழுதியது:

பகைவரோடு சேர்ந்த பொருளா, பகையை உண்டாக்கும் பொருளா? வகுப்பில் இரண்டும் கேட்பார்கள்.

செ. எழுதியது:

இதே இயலில் இன்னொரு சிக்கல். 'நியூட்ரல்' நாட்டை 'நடுநிலை நாடு' என்று எழுதியிருக்கிறேன். பரிமேலழகர் பகை, நொதுமல் (இரண்டுமல்லாத அயல்), நட்பு என்று பிரிக்கிறாரே, 'நொதுமல் நாடு' சரியாகுமா?

ம. எழுதியது:

மிகச் சரி. நடுவுநிலைமை அறம், நொதுமல் உறவின் நிலை. ஆனால் போர்ச்சுகலை எதில் வைப்பீர்கள்? நடுநிலை அறிவிக்க மாட்டோம் என்றும் அந்த ரகசிய உடன்பாட்டிலேயே ஒப்புக்கொண்டதே. லொரன்சோ மார்க்கெஸை நொதுமல் துறைமுகம் என்று மாணவருக்குச் சொல்லிவிட்டு, அதன் ஆட்சி ஒரு பக்கம் சாய்ந்திருந்ததை மறைக்க முடியாது.

செ. எழுதியது:

நேரமில்லை. பெ. சொன்ன 'போர்த்தடைப் பொருள்' என்றே தருகிறேன். அச்சொல் முதலில் வரும் இடத்தில் சாலிஸ்பரி விதியை ஒரு வரியில் சேர்த்துவிட்டேன். நியூட்ரலுக்கு 'நடுநிலை'. போர்ச்சுகலின் சாய்வைத் தனிப் பத்தியாக எழுதுகிறேன்.

ம. எழுதியது:

'தடை'யை நான் ஏற்கவில்லை. அடுத்த பதிப்புக்காவது 'பற்றுசரக்கு' என்பதைக் குறித்து வையுங்கள். 'பறிமுதல்' பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.