நாலு வயதுக்காரனுக்கு ஸ்டார் ஒட்டினால் திருந்துவானா?

வேப்பம்பூ:
மகனுக்கு நாலரை வயது. ஏடிஎச்டி, அதாவது கவனக் குறைவும் அளவு மீறிய துறுதுறுப்பும் என்கிறார் டாக்டர். மாத்திரை எழுதவில்லை; என்னையும் கணவரையும் பெற்றோர் பயிற்சிக்குப் போகச் சொல்கிறார். நல்லது செய்தால் ஸ்டார், கத்தினால் கண்டுகொள்ளாமல் இருப்பது, அடித்தால் டைம் அவுட், அதாவது கொஞ்ச நேரம் தனியே உட்கார வைப்பது. இதெல்லாம் வேலைக்கு ஆகுமா?

தெற்குத்தெரு:
ஆகாது. நாய்க்குட்டிக்கு பிஸ்கட் போடுகிற கதைதான். 1973-ல் லெப்பர் என்ற உளவியலாளரின் குழு நர்சரிப் பிள்ளைகளிடம் சோதித்தது. வரைந்தால் பரிசு என்று முன்பே சொல்லப்பட்ட பிள்ளைகள், பிறகு தாங்களாக வரைவதைக் குறைத்துவிட்டார்கள்.

கணக்குப்பிள்ளை:
பாதிதான் சொல்கிறீர்கள் சார். எதிர்பாராமல் பரிசு கிடைத்தவர்களுக்கு ஆர்வம் அப்படிக் குறையவில்லை. அதோடு, அவர்கள் ஏற்கெனவே ஆசையாக வரைகிற பிள்ளைகள். பல் தேய்க்க எந்தப் பிள்ளைக்கு ஆசை?

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2019 வழிகாட்டுதலும் நாலு, ஐந்து வயதில் ஏடிஎச்டிக்கு முதலில் பெற்றோர் பயிற்சியைத்தான் சொல்கிறது. காரணம் அமெரிக்காவின் ஆரெகனில் ஜெரால்ட் பேட்டர்சன் என்ற உளவியலாளர் குடும்பங்களைக் கவனித்துச் சொன்னதில் இருக்கிறது. பிள்ளை கத்துகிறான், அம்மா போனைக் கொடுக்கிறாள், கத்தல் நிற்கிறது. இரண்டு பேருக்கும் நிம்மதி, அதனால் இரண்டு பேரும் மறுபடி அதையே செய்வார்கள். பரிசு கொடுப்பது இப்போதே நடக்கிறது, கத்தலுக்கு.

தெற்குத்தெரு:
சரி, ஸ்டார் போகட்டும். அழுகிற பிள்ளையைத் தனியே நாற்காலியில் உட்கார வைப்பது என்ன வளர்ப்பு?

கணக்குப்பிள்ளை:
நாற்காலி கடைசியில்தான் வரும். உளவியலாளர் ஷீலா ஐபெர்க் உருவாக்கிய பிசிஐடி என்ற பெற்றோர் பயிற்சி முறையில் முதல் கட்டம் முழுக்க விளையாட்டு. பிள்ளை சொல்கிறபடி நீங்கள் ஆட வேண்டும். கட்டளை, கேள்வி, குறை எதுவும் கூடாது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்து சிகிச்சையாளர் உங்கள் காதில் மாட்டிய கருவி வழியாகச் சொல்லித் தருவார். அதில் நீங்கள் தேறினால்தான் அடுத்த கட்டம். டைம் அவுட்டும் சில நிமிடம்தான். திட்டித் தீர்ப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

வேப்பம்பூ:
நான் கண்டுகொள்ளாமல் இருந்தால் மாமியார் ஓடி வந்து மிட்டாய் கொடுத்துவிடுவாரே?

கணக்குப்பிள்ளை:
அதுதான் ஆபத்து. கவனிப்பதை நிறுத்தியதும் கத்தல் முதலில் கூடும். அந்த உச்சத்தில் மிட்டாய் கிடைத்தால் அடுத்த தடவை அங்கிருந்தே தொடங்குவான். அத்தையையும் வகுப்புக்குக் கூட்டிப் போங்கள்.

தெற்குத்தெரு:
அத்தை வருவாரா? கூலி வேலைக்குப் போகிற அம்மா வாராவாரம் லீவு போட்டு வருவாரா? உங்கள் முறை வேலை செய்யலாம் சார், நேரமும் காசும் இருக்கிற வீட்டில்.