பிரேக் போல்ட்டோடு மரையும் வந்துவிட்டது, வழி சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மார்களே. யாங்கோன் பக்கத்துத் தன்லினில் இருக்கிறேன். வண்டி டொயோட்டா ப்ரோபாக்ஸ்.

போன ஞாயிறு முன் இடது சக்கரத்துக்கு பிரேக் பேட் மாற்ற உட்கார்ந்தேன். டிஸ்க்கையும் கழற்ற வேண்டியிருந்தது. பேடை அழுத்துகிற காலிப்பரின் பிராக்கெட்டைப் பிடிக்கிற இரண்டு போல்ட்டில் மேலே உள்ளது சுலபமாக வந்தது. கீழே உள்ளது அசையவே இல்லை. எத்தனை மழைக்காலச் சேற்றுத் தண்ணீர் அதில் இறங்கியதோ! துரு இளக்கும் எண்ணெயை இரண்டு ராத்திரி ஊற வைத்து, தலையில் சுத்தியலால் தட்டி, 17 சாக்கெட்டில் பைப் மாட்டி இழுத்தேன். பக்கத்திலேயே பேரிங் சீலும் பால் ஜாயிண்ட் ரப்பரும் இருப்பதால் நெருப்பு காட்டப் பயம்.

கடைசியில் கிரீச் என்று கத்திக்கொண்டே வந்தது. பார்த்தால் போல்ட்டில் ஸ்பிரிங் கம்பி மாதிரி பளபளவென்று ஏதோ சுற்றியிருக்கிறது. போல்ட் ஏறுகிற நக்கிளின் (சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பாகம்) மரை அது! புது போல்ட் போட்டால் பாதிவரை பிடித்து, பிறகு சும்மா சுற்றுகிறது. அளவு 12 மி.மீ., பிட்ச் 1.25.

இனி வெறும் டேப் (மரை வெட்டும் கருவி) ஓட்டிப் பயனில்லை, பிடிக்க இரும்பே மிச்சமில்லை. ஹெலிகாயில் (கெட்ட துளைக்குள் புது மரையாக உட்காரும் கம்பிச் சுருள்) போடலாம் என்கிறார் தெரிந்த மெக்கானிக். பிரேக் தாங்குகிற இடத்தில் அதை நம்பலாமா? போட்டு ஓட்டியவர்கள் சொல்லுங்கள். இல்லை, பழைய நக்கிளே வாங்கிவிடுவதா? யாங்கோனில் இந்த அளவு ஹெலிகாயில் செட் எந்தத் தெருவில் கிடைக்கும்? துளையை நேராகப் போட்டுத் தரும் லேத் பட்டறை தெரிந்தாலும் சொல்லுங்கள்.

அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற வண்டி. அரைகுறையாக முறுக்கி ஓட்ட எனக்கு மனசு வரவில்லை.