ஐப்பசி வந்தால் முட்டை நிற்கிறது: உங்கள் கொல்லையில் என்ன நடந்தது?

வலங்கைமான் கொல்லை

எங்கள் செவலைப் பொட்டைக்கோழியைப் பற்றிச் சொல்லாமல் மனசு ஆறவில்லை. ஐப்பசி அடைமழையில் எல்லாப் பொட்டையும் முட்டையை நிறுத்திவிட்டன, அது உங்களுக்கும் தெரிந்த கதைதான். செவலைக்குக் கழுத்து இறகெல்லாம் கொட்டி, பார்க்கவே சகிக்கவில்லை. அந்த நேரம் பார்த்துக் கோழி வியாபாரி வந்தார். காலைப் பிடித்துத் தூக்கி, பின்பக்கத்து எலும்பு இரண்டுக்கும் நடுவில் விரலை வைத்துப் பார்த்தார். "முட்டை வுடுற கோழின்னா ரெண்டு மூணு விரல் தாராளமாப் போவும். இதுல ஒரு விரலுக்கே எடமில்லக்கா. இனிமே கறிக்குத்தான்" என்றார். மாமியாரும் தலையாட்டினார். வியாபாரி கறி விலையைவிடக் குறைத்துத்தான் கொடுத்தார்.

பங்குனியில் ஒரு துக்கத்துக்கு அந்த வியாபாரி தெருவுக்குப் போனால், அவர் வீட்டு வாசலில் செவலை! இறகு பளபளவென்று, பின்னாலேயே குஞ்சுகள். கால் விரல் ஒன்று கோணல், அதனால் சந்தேகமே இல்லை. நான் நிற்பதைப் பார்த்துவிட்டு, "றெக்கை மொளைச்சா முட்டை வரும்னு தெரியாதாக்கா?" என்று சிரிக்கிறார். துக்க வீட்டு வாசலில் வைத்து என்ன பேச முடியும்?

முத்துப்பேட்டைத் தம்பி

அக்கா, அவர் விரல் வைத்துப் பார்த்தது சரிதான், ஆனால் அது அன்றைய நிலவரம் மட்டும். இறகு உதிர்க்கிற சமயத்தில் நல்ல கோழிக்கும் அந்த எலும்பு நெருங்கிவிடும். இறகு முக்கால்வாசிக்கு மேல் புரதம். தின்பதெல்லாம் அதற்கே போகும்போது முட்டைக்கு எங்கே மிஞ்சும்? இரண்டு மூன்று மாதத்தில் தானே தேறிவிடும். அவருக்கு இது தெரியாமல் இருக்காது.

என் கதை சின்னது. மழை விட்ட ஒரு விடிகாலையில், கூண்டில் மாட்டியிருந்த எல்இடி பல்பைச் சுற்றி ஈசல் மொய்த்தது. கோழிகள் குதித்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, சேவலுக்குக்கூட மரியாதை கொடுக்காமல் கொத்தித் தள்ளின. அந்த வாரமே முட்டை வந்தது. பல்பால் வந்தது என்கிறேன் நான், ஈசலால் என்கிறார் அப்பா.

எல்லாரும் பல்பு போட்டுப் பாருங்கள். வெளிச்சம் கோழிக்குக் கண் வழியாக மட்டும் இல்லை, மண்டை ஓட்டைத் தாண்டியும் மூளைக்குப் போகிறது. முட்டைக்கான சுரப்பு அதை வைத்துத்தான் நடக்கிறது. 14 மணி நேரத்துக்குக் குறைந்தால் சுணங்கும், பண்ணைகளில் 16 மணி நேரம் கொடுக்கிறார்கள். பல்பை விடிகாலையில் போடுங்கள். ராத்திரியில் பட்டென்று அணைத்தால் அடையும் இடம் தெரியாமல் தரையிலேயே படுத்துவிடும். ஒயரில் சாரல் படக்கூடாது. அப்புறம், தவிடும் நொய்யும் மட்டும் போட்டுவிட்டு முட்டை எங்கே என்றால் எப்படி? கருவாட்டுத் தூள் சேருங்கள். கடலைப் பிண்ணாக்கு போடலாம், ஆனால் மழையில் பூசணம் பிடித்ததென்றால் தூக்கி எறிந்துவிடுங்கள், அது ஈரலைக் கெடுக்கும். பழைய பானையில் சாணி, காய்ந்த ஓலை, கிழிந்த சாக்கு போட்டுத் தண்ணீர் தெளித்துக் கரையான் இருக்கும் இடத்தில் கவிழ்த்து வையுங்கள். மறுநாள் பானை நிறையக் கரையான், கோழிக்குத் தீனி.

நீடாமங்கலம் வைக்கோல்போர்

தம்பி, 16 மணி நேரமெல்லாம் வருஷத்துக்கு 300 முட்டை இடும் பண்ணைக் கோழிக்கு. நம் நாட்டுக்கோழி 60, 80 இட்டாலே பெரிது. பத்துப் பன்னிரண்டு முட்டை ஆனதும் அடைக்கு உட்கார்ந்துவிடும், அதற்கு 21 நாள், குஞ்சு மேய்க்க மேலும் இரண்டு மாதம். பல்பு அதை என்ன செய்யும்? டிசம்பரில்கூட நம் பக்கம் பகல் பதினொன்றரை மணி நேரம் இருக்கிறது, ஜூனில் பன்னிரண்டே முக்கால். இந்த ஒன்றேகால் மணி நேரத்துக்காகவா கோழி மூன்று மாதம் வேலைநிறுத்தம் செய்கிறது? குளிர்நாட்டில் 8 மணி நேரப் பகலில் வளர்ப்பவர்களுக்குச் சொன்னதை யூடியூபில் பார்த்துவிட்டு இங்கே சொல்லாதீர்கள்.

எங்கள் வீட்டில் முட்டை நிற்கவே இல்லை. காணாமல் போனது. கூடை ஈரமாகிவிட்டதால் கோழி வேறு இடம் பார்த்துக்கொண்டது, எங்களுக்குத் தெரியவில்லை. மார்கழியில் அம்மா மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கப் போனவர், போரில் விட்ட கையை மெதுவாக வெளியே எடுத்தார். "டேய், இங்க வா, சத்தம் போடாத." உள்ளே நல்ல பாம்பு. கழுத்துக்குக் கீழே முட்டை அளவுக்கு ஒரு மேடு, படமெடுக்கக்கூட முடியாமல் எங்களையே பார்க்கிறது. அப்பா கம்பை எடுக்க, அம்மா விடவில்லை. அது நகர்ந்து வாய்க்கால் பக்கம் போய்ச் சேர ரொம்ப நேரம் ஆனது. மிச்ச முட்டைகளைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தோம், பாதிக்கு மேல் மிதந்தது, பழைய முட்டை.

முத்துப்பேட்டைத் தம்பி

அண்ணே, உங்கள் வீட்டு முட்டையைப் பாம்பு தின்றது, சரி. எல்லார் வீட்டிலுமா?

வலங்கைமான் கொல்லை

இரண்டு பேரும் பல்பு சண்டையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நான் பல்பு கேட்கவே இல்லை.

வேதாரண்யம் உப்புக்காற்று

எங்களுக்கு ஐப்பசியைவிடச் சித்திரைதான் மோசம். 2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா புயல் கொல்லையையே காலி செய்துவிட்டது. பிழைத்த கோழிகள் பொங்கல் வரைக்கும் முட்டை இடவில்லை. அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை, எங்களுக்கே சோறு எங்கே என்று தெரியாத நேரம். உண்மையான அடி அடுத்த கோடையில் விழுந்தது. மா, தென்னை, முருங்கை எல்லாம் சாய்ந்ததால் கோழிக்கு ஒதுங்க நிழல் இல்லை. வாயைப் பிளந்துகொண்டு மூச்சிரைத்தன. ஒரு மத்தியானம் கொட்டாய் ஓரத்தில் முட்டை கிடந்தது, எடுத்தால் விரல் அமுங்கியது. தோல்முட்டை. ஓடே இல்லை, வெயிலில் உள்ளே மஞ்சள் கரு அசைவது தெரிந்தது. என் பெண் பயந்துபோய்க் கீழே போட்டுவிட்டாள்.

கோழிக்கு வியர்வை கிடையாது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். அப்படி வேகமாக மூச்சு விடும்போது இரத்தத்தில் இருக்கும் கரியமில வாயு குறைகிறது. ஓடு ஆவதற்கு அதுவும் வேண்டும். அதனால் சுண்ணாம்புச் சத்து போட்டாலும் கோடையில் ஓடு மெலியும் என்று கால்நடை மருத்துவர் சொன்னார். கிளிஞ்சல் இடித்துப் போட்டோம், கொஞ்சம் தேவலை. கீற்றுப் பந்தல் போட்டுப் பானையில் குளிர்ந்த தண்ணீர் வைத்த பிறகுதான் கையில் எடுக்கிற மாதிரி முட்டை வந்தது. வைத்த கன்றுகள் இப்போதுதான் நிழல் கொடுக்கின்றன.

ஒரத்தநாட்டுச் சேவல்

எல்லாவற்றுக்கும் பருவத்தைச் சொல்லாதீர்கள். சந்தையில் வாங்கிய சேவலைச் சேர்த்துவிட்ட பிறகு எங்கள் பொட்டைகள் முட்டையை நிறுத்தின. மழைதான் காரணம் என்று நாங்களும் சும்மா இருந்தோம். ஒரு காலையில் வெள்ளைப் பொட்டை தலையை முதுகுப் பக்கம் திருகிக்கொண்டு, இடம் விட்டு நகராமல் சுற்றிச் சுற்றி வந்தது. எச்சம் பச்சையும் வெள்ளையும். வெள்ளைக் கழிச்சல், கோழிக்குக் கோழி ஒட்டும் நோய். அப்புறம் கூண்டில் மிஞ்சியது சேவல் மட்டும்தான், அதையும் யாரும் வாங்க வரவில்லை.

முட்டை குறையும்போது எச்சத்தையும் பாருங்கள். புதிதாக வந்த கோழியைக் கொஞ்ச நாள் தனியாகப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு விடுங்கள். கழிச்சல் தடுப்பூசியைப் புரட்டாசிக்குள் போட்டுவிட்டால் நல்லது, அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். நாட்டுக்கோழிக்கு எதற்கு ஊசி என்று என் பெரியப்பா இன்னும் கேட்கிறார். அவர் வீட்டுப் பக்கம் என் கோழிகளை விடுவதில்லை.