அடுத்து எந்த கிராஃபிக் நாவல் படிக்கலாம்?

நண்பர்களே, கிராஃபிக் நாவலில், அதாவது நாவல் போல நீளமான படக்கதையில், ஒரு பரிந்துரை வேண்டும். ஆர்ட் ஸ்பீகல்மனின் 'மவுஸ்', மர்ஜானே சத்ரபியின் 'பெர்செபோலிஸ்', ஆலன் மூரும் டேவ் கிப்பன்ஸும் சேர்ந்து செய்த 'வாட்ச்மென்' மூன்றும் எனக்கு உயிர். 'மவுஸ்' 1992-ல் புலிட்சர் சிறப்பு விருது வாங்கியது. யூதர்களை எலிகளாகவும் நாஜிகளைப் பூனைகளாகவும் வரைந்திருப்பார். கேட்க விளையாட்டாக இருக்கும், படித்தால் தூக்கம் போய்விடும். 'வாட்ச்மென்' வேறு ரகம்: பெரும்பாலும் பக்கத்துக்கு ஒன்பது கட்டம். திடீரென ஒரு கட்டம் பெரிதானால் கண் அங்கேயே நின்றுவிடும்.

சரி, இப்போது தேடுவது: கறுப்பு வெள்ளையில், ஒரே தொகுதியில் முடிகிற, சொந்த வாழ்க்கையைச் சொல்லும் கதை. சூப்பர் ஹீரோ வேண்டாம். நூறு தொகுதி ஓடும் மாங்காவும் (ஜப்பானிய காமிக்ஸ்) வேண்டாம், பொறுமை கிடையாது! தமிழில் வந்திருந்தால் இன்னும் நல்லது. பெயரோடு, ஏன் பிடித்தது என்றும் ஒரு வரி எழுதுங்களேன். முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.