சிடிஎன்: தளம் முழுவதையும் ஒப்படைப்பதா, படங்களை மட்டும் ஒப்படைப்பதா?

நூல்கண்டு:
தளம் வேர்ட்பிரஸ், ஒரே விபிஎஸ் (வாடகைக்கு எடுத்த மெய்நிகர் சர்வர்). மாதம் 2 லட்சம் பக்கப் பார்வை, பக்கத்துக்குச் சராசரி 2 எம்பி. ஆக மாதம் ஏறத்தாழ 400 ஜிபி. வாசகர்கள் மூன்று கண்டங்களில். கட்டுரைகளோடு 40 எம்பி வரை பிடிஎஃப் இதழ்களும் உண்டு. உறுப்பினர்கள் உள்நுழைந்து கருத்து எழுதுகிறார்கள். சிடிஎன், அதாவது தளத்தின் கோப்புகளை உலகெங்கும் உள்ள தன் சர்வர்களில் (முனையங்களில்) நகல் வைத்து வாசகருக்கு அருகிலிருந்து தரும் சேவை, ஒன்று வேண்டும். கிளவுட்ஃபிளேர் இலவசத் திட்டம், பன்னி (Bunny), அமேசானின் கிளவுட்ஃபிரண்ட், ஃபாஸ்ட்லி நான்கையும் பார்த்தாயிற்று. எதை எடுப்பது, ஏன்?

முகப்புவாசல்:
கிளவுட்ஃபிளேர். நேம்சர்வரை (டொமைன் பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் சர்வர்) மாற்றி, தளம் முழுவதையும் அதன் பின்னால் வையுங்கள்; கோரிக்கை எல்லாம் முதலில் அதனிடம் போகும். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடும். வாசகர் 8,000 கி.மீ. தள்ளி இருந்தால் போய்வர 80 மில்லிசெகண்ட், அதற்குக் கீழே யாராலும் குறைக்க முடியாது. இணைப்பைத் திறக்கும் டிசிபிக்கு ஒரு சுற்று, அதை மறையாக்கும் டிஎல்எஸ் 1.3-க்கு ஒரு சுற்று, கோரிக்கைக்கு ஒரு சுற்று: முதல் பைட் வருமுன் 240 மில்லிசெகண்ட் போய்விட்டது. சர்வரில் வேர்ட்பிரஸின் பிஎச்பி நிரல் பக்கத்தைச் சமைக்கும் நேரம் இதில் சேரவில்லை.

கிடங்குக்காரர்:
கணக்கு சரி, முடிவு தவறு. கிளவுட்ஃபிளேர் தானாகக் கேஷ் செய்வது (நகல் எடுத்து வைப்பது) கோப்பு நீட்டிப்பைப் பார்த்துத்தான்: படம், சிஎஸ்எஸ் (தோற்றக் கோப்பு), ஜாவாஸ்கிரிப்ட், பிடிஎஃப். பக்கத்தின் எழுத்தும் அமைப்பும் உள்ள எச்டிஎம்எல்லைத் தொடாது. ஒவ்வொரு பக்கமும் அதே விபிஎஸ் வரை போய்த்தான் வரும். அதற்காக டிஎன்எஸ் (டொமைனின் பெயர்-முகவரிப் பதிவேடு) முழுவதையும் இன்னொருவர் கையில் கொடுக்க வேண்டுமா? நேம்சர்வரை மாற்றாமல் சிநேம் (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்பும் டிஎன்எஸ் வரி) மட்டும் வைத்து இணைக்க அங்கே பிசினஸ் திட்டமாவது வேண்டும்.

பன்னியில் ஒரு புல் ஸோன் (சர்வரிலிருந்து கோப்பை இழுத்து நகல் வைக்கும் அமைப்பு) திறந்து, படம், சிஎஸ்எஸ், எழுத்துரு, பிடிஎஃப் எல்லாவற்றுக்கும் தனி சப்டொமைன் (டொமைனின் கிளைப் பெயர்) கொடுத்தால் வேலை முடிந்தது. எச்டிஎம்எல் கம்ப்ரெஸ் ஆனபின் 60 கேபி என்று வைத்தால் மாதம் 12 ஜிபி. மீதி 388 ஜிபி சர்வரை விட்டு இறங்கிவிடும். நாளைக்கே வேறு நிறுவனத்துக்குப் போக வேண்டுமா? ஒரு சிநேம் வரியை மாற்றினால் போதும்.

முகப்புவாசல்:
பாரம் படத்தில் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாசகர் வெள்ளைத் திரையைப் பார்த்துக் காத்திருப்பது எச்டிஎம்எல்லுக்கு. அது வந்தபிறகுதான் படம் எங்கே இருக்கிறது என்றே பிரவுசருக்குத் தெரியும்.

கேஷ் ஆகாத பக்கத்துக்கும் பயன் உண்டு என்பதை விட்டுவிட்டீர்கள். டிசிபி, டிஎல்எஸ் இரண்டும் வாசகருக்கு அருகில் உள்ள சிடிஎன் முனையத்திலேயே முடிந்துவிடும். அங்கிருந்து விபிஎஸ்ஸுக்கு ஏற்கெனவே திறந்து வைத்த இணைப்பு இருக்கும். நீண்ட தூரச் சுற்று மூன்று என்பது ஒன்றாகும். சும்மா 160 மில்லிசெகண்ட் மிச்சம்.

சப்டொமைன் வழியில் இருக்கும் வில்லங்கத்தையும் சொல்லுங்கள். பிரவுசர் இரண்டாவதாக ஒரு டிஎன்எஸ் தேடல், இரண்டாவதாக ஒரு டிஎல்எஸ் கைகுலுக்கல் செய்ய வேண்டும். வெப்ஃபான்ட் (தளத்தோடு இறங்கும் எழுத்துரு) வேறு டொமைனிலிருந்து வந்தால், அனுமதி சொல்லும் ‘ஆக்சஸ்-கன்ட்ரோல்-அலவ்-ஆரிஜின்’ ஹெடர் (பதிலோடு சர்வர் அனுப்பும் குறிப்பு வரி) கட்டாயம். இல்லையென்றால் பிரவுசர் அதை நிராகரித்துவிட்டுக் கையில் இருக்கும் எழுத்துருவைக் காட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக விபிஎஸ்ஸின் ஐபி திறந்த வெளியில் நிற்கிறது. யாராவது வெள்ளமாகக் கோரிக்கை அனுப்பினால் பன்னியில் படம் பத்திரமாக இருக்கும், தளம் இருக்காது.

பழைய சர்வர்:
இருவரும் கடையைப் பற்றிச் சண்டை போடுகிறீர்கள். விபிஎஸ் என்ன ஹெடர் அனுப்புகிறது என்று யாரும் கேட்கவில்லை. கேஷ் பிடிக்காத தளத்தை எந்த நிறுவனத்தின் பின்னால் வைத்தாலும் அது பிடிக்காது.

முதலில் உள்நுழையாத நிலையில் ஒரு கட்டுரையைக் கர்ல் (சர்வரின் பதிலைக் காட்டும் கட்டளைக் கருவி) கொண்டு இரண்டு முறை கேளுங்கள். ‘செட்-குக்கி’ (பிரவுசரில் அடையாளக் குறிப்பை வைக்கச் சொல்லும் ஹெடர்) வருகிறதா? வந்தால் ஏதோ ஒரு பிளகின் (வேர்ட்பிரஸ் துணை நிரல்) பார்ப்பவர் எல்லோருக்கும் செஷன் (தனி அமர்வு) திறக்கிறது. அதை நிறுத்தாமல் எச்டிஎம்எல் கேஷ் பேச்சே வேண்டாம். கட்டாயப்படுத்திக் கேஷ் செய்தால் ஒருவருடைய குக்கியோடு வந்த பக்கம் அடுத்தவருக்குப் போகும் ஆபத்து இருக்கிறது. இதில் சில சிடிஎன்கள் குக்கி கண்டாலே கேஷ் செய்யாது, சில விதியைப் பொறுத்துக் குக்கியை வெட்டிவிடும். எடுக்கப் போகும் நிறுவனத்தின் நடத்தையைப் படித்துவிட்டு இறங்குங்கள்.

அடுத்தது முகவரிக் கேள்விக்குறிக்குப் பின்னால் வரும் வால். சமூக வலைத்தளப் பகிர்வில் ஒவ்வொரு சொடுக்குக்கும் புதிய ‘எஃப்பிகிளிட்’ மதிப்பு ஒட்டிக்கொள்ளும். கேஷ் சாவியில் (நகலைத் தேட சிடிஎன் பயன்படுத்தும் பெயர்) அது சேர்ந்தால் ஒவ்வொரு வாசகரும் புது முகவரி, ஒவ்வொருவருக்கும் மிஸ் (நகல் கிடைக்காமல் விபிஎஸ் வரை போக வேண்டும்). கட்டுரை பரவிப் பாரம் ஏறும் நேரத்தில்தான் இது காலை வாரும். கண்காணிப்பு வால்களைச் சாவியிலிருந்து நீக்க முடிகிறதா, எந்தத் திட்டத்தில் முடிகிறது என்பதைத்தான் ஒப்பிட வேண்டும். உலகில் எத்தனை முனையம் என்ற விளம்பர எண்ணை அல்ல.

மூன்றாவது ‘வேரி’, எந்தக் கோரிக்கை ஹெடரைப் பொறுத்துப் பதில் மாறும் என்று சொல்லும் ஹெடர். ஒரே ஜேபெக் முகவரியில் பிரவுசர் எந்த வடிவங்களை ஏற்கும் என்று சொல்லும் ‘ஆக்செப்ட்’ ஹெடரைப் பார்த்து வெப்பி (WebP பட வடிவம்) தரும் பிளகின் இருக்கிறதா? கிளவுட்ஃபிளேர் இலவசத் திட்டம் ‘வேரி: ஆக்செப்ட்’டைக் கண்டுகொள்ளாது. முதலில் வந்த வடிவம் எதுவோ அதுவே எல்லோருக்கும் போகும். வெப்பி தெரியாத பழைய பிரவுசரில் படம் உடையும். வெப்பிக்குத் தனி முகவரி கொடுத்து எச்டிஎம்எல்லின் ‘பிக்சர்’ டேகில் எழுதிவிடுங்கள்.

கிடங்குக்காரர்:
இதைத்தான் சொல்ல வந்தேன். எச்டிஎம்எல்லைக் கேஷ் செய்வது என்றால் நீக்குவதும் தெரிய வேண்டும். ஒரு கட்டுரையில் ஒரு பிழை திருத்தினால் அந்தப் பக்கம், முகப்பு, பகுப்புப் பக்கம், குறிச்சொல் பக்கம், ஆசிரியர் பக்கம், ஃபீட் எல்லாம் பழசு. முகவரி முகவரியாகத் தேடி நீக்குவது நடக்கிற காரியமில்லை. பக்கங்களுக்கு டேக் (குறி) வைத்து, அந்தக் குறியால் ஒரே அடியில் நீக்க வேண்டும். ஃபாஸ்ட்லியில் அதற்கு ‘சரகேட்-கீ’ ஹெடர் இருக்கிறது, உலகம் முழுக்க 150 மில்லிசெகண்ட் அளவில் நீங்கிவிடும். கிளவுட்ஃபிளேரில் அது எண்டர்பிரைஸுக்கு மட்டும்.

முகப்புவாசல்:
பழைய தகவல். 2025-இலேயே டேக், முன்னொட்டு, ஹோஸ்ட்நேம் வழி நீக்கும் வசதிகளை எல்லாத் திட்டங்களுக்கும் திறந்துவிட்டார்கள். எத்தனை முறை நீக்கலாம் என்ற வரம்புதான் திட்டத்துக்குத் திட்டம் மாறும்.

கிடங்குக்காரர்:
சரி, அந்த வரியைத் திரும்பப் பெறுகிறேன். டேகைப் பிளகின் அனுப்ப வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை.

திசைகாட்டி:
கிளவுட்ஃபிரண்டைப் பற்றி யாரும் பேசவில்லையே. விபிஎஸ் ஏடபிள்யூஎஸ்ஸிலேயே (அமேசானின் கிளவுட் சேவை) இருந்தால் அங்கிருந்து கிளவுட்ஃபிரண்டுக்குப் போகும் தரவுக்குக் கட்டணம் இல்லை, கணக்கே மாறிவிடும். வெளியே இருக்கும் விபிஎஸ் என்றால் அந்தச் சலுகை இல்லை. இன்வாலிடேஷனில் (கேஷ் நகலை நீக்குவதில்) மாதம் முதல் 1,000 பாதைகள் இலவசம். நட்சத்திரக் குறியோடு முடியும் பாதை ஒன்றாகத்தான் எண்ணப்படும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. டிஎல்எஸ் சான்றிதழை ஏசிஎம்மில் (ஏடபிள்யூஎஸ்ஸின் சான்றிதழ்ச் சேவை) எடுத்தால் வட வர்ஜீனியா ரீஜனில்தான் எடுக்க வேண்டும். வேறு ரீஜனில் எடுத்தால் பட்டியலிலேயே தோன்றாது.

இன்னொன்று, முனையம் எத்தனை என்பதைவிட வாசகரின் இணைய நிறுவனத்தோடு யார் நேரடியாகப் பியரிங் (இரு வலையமைப்புகளுக்கு இடையே நேர் இணைப்பு) வைத்திருக்கிறார்கள் என்பதுதான் முக்கியம். அதே ஊரில் முனையம் இருந்தும் கோரிக்கை கடல் தாண்டிப் போவது உண்டு. சோதிப்பது எளிது: கிளவுட்ஃபிளேரில் ‘சிஎஃப்-ரே’ ஹெடரின் கடைசி மூன்று எழுத்து, கிளவுட்ஃபிரண்டில் ‘எக்ஸ்-ஆம்ஸ்-சிஎஃப்-பாப்’ ஹெடரின் முதல் மூன்று எழுத்து. இரண்டும் விமான நிலையக் குறியீடு. மூன்று கண்டங்களிலும் இரண்டிரண்டு இணைய நிறுவனங்களிலிருந்து, மாலை நெரிசல் நேரத்தில் பாருங்கள். காலையில் பார்த்தால் எல்லாம் அழகாகத்தான் இருக்கும்.

கிடங்குக்காரர்:
ஒரே கூடையில் எல்லா முட்டையும் என்ற கேள்விக்கு முகப்புவாசல் இன்னும் பதில் சொல்லவில்லை. 2019 ஜூலை 2-இல் கிளவுட்ஃபிளேர் ஃபயர்வால் விதியில் ஒரே ஒரு ரெஜெக்ஸ் (எழுத்துக் கோவையைத் தேடும் சூத்திரம்) சிபியு முழுவதையும் விழுங்கியது. 2025 நவம்பர் 18-இல் பாட் (தானியங்கி வருகை) கண்டறியும் கோப்பு எதிர்பாராமல் பெரிதாகி வலையமைப்பே விழுந்தது. தளம் முழுவதும் அதன் பின்னால் இருந்தால் உங்கள் சர்வர் கல்லுப்போல் நின்றாலும் வாசகர் பார்ப்பது 500 வரிசைச் சர்வர் பிழை.

முகப்புவாசல்:
ஃபாஸ்ட்லி மட்டும்? 2021 ஜூன் 8-இல் ஒரு வாடிக்கையாளர் செய்த முறையான அமைப்பு மாற்றம் உள்ளே ஒளிந்திருந்த பிழையைத் தூண்டியது; வலையமைப்பின் 85 சதவீதம் பிழை காட்டியது. விழாத நிறுவனம் கிடையாது. உங்கள் சப்டொமைன் வழியிலும் பன்னி விழுந்தால் படமும் சிஎஸ்எஸ்ஸும் போய்த் தளம் எலும்புக்கூடாகத்தானே நிற்கும்?

திசைகாட்டி:
விழுந்து எழுவது ஒரு வகை. கடையையே மூடுவது இன்னொரு வகை. லைம்லைட்டும் எட்ஜ்காஸ்ட்டும் சேர்ந்து உருவான சிடிஎன் நிறுவனம் எட்ஜியோ 2024 செப்டம்பரில் திவாலானது. 2025 ஜனவரி நடுவில் வலையமைப்பை நிறுத்தினார்கள். சில வாரங்களுக்குள் எல்லோரும் இடம்பெயர வேண்டியிருந்தது. ஆகவே வெளியேறும் வழிதான் என் அளவுகோல். எட்ஜில் (சிடிஎன் முனையத்தில்) ஓடும் நிரல், அந்த நிறுவனத்துக்கே உரிய பட மாற்று முகவரி, ஃபயர்வால் விதி மூன்றும் எங்கேயும் கூட வராது. ஃபாஸ்ட்லியின் விதி மொழியான விசிஎல், வார்னிஷ் என்ற கேஷ் மென்பொருள் வழி வந்தது. அதையும் அப்படியே இன்னோரிடத்தில் ஒட்ட முடியாது. கேஷ் விதிகளை முடிந்தவரை விபிஎஸ்ஸின் ‘கேஷ்-கன்ட்ரோல்’ ஹெடரிலேயே எழுதுங்கள், அது எங்கேயும் செல்லும்.

நூல்கண்டு:
சரி, தளம் முழுவதையும் கிளவுட்ஃபிளேர் பின்னால் வைப்பது என்றே வைத்துக்கொள்வோம். எந்த வரிசையில் செய்தால் தளம் விழாது?

பழைய சர்வர்:
டொமைனில் டிஎன்எஸ்செக் (டிஎன்எஸ் பதிலுக்குக் கையொப்பமிடும் முறை) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் பதிவாளரிடம் உள்ள டிஎஸ் பதிவை (அந்தக் கையொப்பச் சாவியின் அடையாளம்) நீக்கி, அதன் டிடிஎல் (நினைவில் வைக்கும் கால அளவு) கழியும் வரை காத்திருந்து, பிறகுதான் நேம்சர்வரை மாற்ற வேண்டும். இந்த வரிசை மாறினால் கையொப்பத்தைச் சரிபார்க்கும் ரிசால்வர்கள் (பெயருக்கு முகவரி தேடித் தரும் சர்வர்கள்) ‘செர்வ்ஃபெயில்’ (தேடல் தோல்வி) சொல்லும். பாதிப் பேருக்குத் தளம் தெரியும், பாதிப் பேருக்குத் தெரியாது, காரணம் புரியாமல் மண்டை காயும். சிஏஏ பதிவு (யார் சான்றிதழ் தரலாம் என்று சொல்லும் டிஎன்எஸ் வரி) இருந்தால் சிடிஎன் பயன்படுத்தும் சான்றிதழ் நிறுவனத்துக்கும் அதில் அனுமதி வேண்டும். பழைய டிஎன்எஸ் பதிவுகளைத் தானாக இறக்கியதை நம்பாதீர்கள். மின்னஞ்சலுக்கான எம்எக்ஸ், எஸ்பிஎஃப், டிகிம் மூன்றையும் வரி வரியாகச் சரிபாருங்கள்.

எஸ்எஸ்எல் அமைப்பை ‘ஃபுல் ஸ்டிரிக்ட்’ என்று வையுங்கள்; சிடிஎன் விபிஎஸ்ஸின் சான்றிதழைச் சரிபார்த்து மறையாக்கிப் பேசும். ‘ஃபிளெக்ஸிபிள்’ வைத்தால் சிடிஎன் விபிஎஸ்ஸிடம் மறையாக்கமில்லாத எச்டிடிபியில் பேசும். விபிஎஸ் எச்டிடிபிஎஸ்ஸுக்குப் போ என்று திருப்பும். அது முடியாத சுழல்.

மாறியதும் சர்வர் லாகில் எல்லா வருகையும் சிடிஎன் ஐபியாகத் தெரியும். என்ஜின்எக்ஸில் (வெப் சர்வர் மென்பொருள்) வாசகரின் உண்மை ஐபியைக் காட்டும் ரியல் ஐபி மாட்யூலை அமைத்து, கிளவுட்ஃபிளேர் வெளியிடும் ஐபி வரம்புகளை மட்டும் நம்பச் சொல்லுங்கள். இதைச் செய்யாமல் ஃபெயில்டுபேன் (சந்தேக ஐபிகளைத் தடுக்கும் நிரல்) ஓடினால் அது சிடிஎன்னையே தடை செய்துவிடும். பிறகு வெப் வருகைக்கான 80, 443 போர்ட்டுகளை அதே வரம்புகளுக்கு மட்டும் திறங்கள். மின்னஞ்சலும் அதே விபிஎஸ்ஸில் இருந்தால் எம்எக்ஸ் பதிவே ஐபியைக் காட்டிக்கொடுக்கும், ஒளித்துப் பயனில்லை.

எச்டிஎம்எல் கேஷை முதல் வாரம் தொடாதீர்கள். பிறகு விதி எழுதும்போது உள்நுழைந்தவரின் வேர்ட்பிரஸ் குக்கி இருந்தால் கேஷைத் தாண்டு, நிர்வாகப் பக்கமும் உள்நுழைவுப் பக்கமும் எப்போதும் தாண்டு என்பவை வேண்டும். சிடிஎன் நகலை வைத்திருக்கும் நேரமான ‘எஸ்-மேக்ஸ்ஏஜ்’ 300 நொடியில் தொடங்குங்கள். டேக் நீக்கம் சரியாக வேலை செய்வதைப் பார்த்தபின் நீட்டலாம். டயர்ட் கேஷையும் (முனையங்கள் முதலில் ஒரு மேல்நிலை முனையத்தைக் கேட்கும் முறை) இயக்குங்கள், அது இலவசத் திட்டத்திலேயே உண்டு. இல்லையென்றால் குறைந்த வருகைத் தளத்தில் ஒவ்வொரு முனையமும் தனித்தனியாக விபிஎஸ்ஸைக் கேட்கும். நிர்வாகப் பக்கத்தில் 100 எம்பிக்கு மேல் பதிவேற்றினால் இலவசத் திட்டத்தில் 413 (அளவு மீறியது) பிழை வரும்.

கிடங்குக்காரர்:
அப்படியே போனாலும் பிடிஎஃபை மட்டும் தனி சப்டொமைனில் பன்னியிடம் வையுங்கள். கிளவுட்ஃபிளேரின் சேவை விதிகளில் வீடியோ, அளவுக்கு மிஞ்சிய பெரிய கோப்புகள் ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் உரிமையை அவர்கள் வைத்திருக்கிறார்கள். பிடிஎஃபுக்கு ஃபான்ட் சிக்கலும் இல்லை, முதல் பைட் அவசரமும் இல்லை.

முகப்புவாசல்:
இதில் எனக்கு மறுப்பில்லை. படங்கள் மட்டும் தளத்தின் சொந்த டொமைனிலேயே இருக்கட்டும்.

நூல்கண்டு:
செட்-குக்கி சோதனையைச் செய்தேன். வருகிறது, வாக்கெடுப்புப் பிளகினிலிருந்து. முதலில் அதைக் கழற்றுகிறேன்.